காற்றுப் புகாத வீடு

ஏப்ரல் கடைசியில், ஏரியின் பனிக்கட்டி முழுதாக உடைவதற்கு முன்பே, தைமிக்கு மூக்கு அரிக்க ஆரம்பித்துவிடும். எங்கள் ஊர் பிர்ச் மரங்கள் அப்போது மொட்டையாகத்தான் நிற்கும். தெற்கே, கடல் தாண்டி எங்கோ பூத்த மரங்களின் மகரந்தம் காற்றிலேறி வந்து முற்றத்துப் பனியின்மேல் இறங்கும். வேறு யார் கண்ணிலும் அது படாது. தைமி காலையில் சமையலறைக்குள் வந்து கோட்டைக் கழற்றும்போதே தும்மல் தொடங்கிவிடும். வசந்தம் வந்துவிட்டது என்று எங்களுக்குச் சொல்வது அந்தத் தும்மல்தான்.

கிழக்கு ஃபின்லாந்தில், ஏரிகளுக்கு நடுவே இருக்கிற ஹௌகிலம்பி எங்கள் ஊர். அங்கே பள்ளிக்கூடச் சமையலறையில் நாங்கள் இரண்டே பேர். தைமி கர்வினென் சமையல்காரி. மிர்யாவாகிய நான் அவளுக்கு உதவி. சின்ன வயதில் அதே பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, வியாழக்கிழமைதோறும் அதே பட்டாணி சூப்பைக் குடித்தவர்கள் நாங்கள். பிர்ச் மகரந்தம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கூடவே இன்னொரு தண்டனையும் உண்டு. பச்சைக் கேரட், ஆப்பிள், உருளைக்கிழங்குத் தோல் எது பட்டாலும் கை தடித்து, உதடு வீங்கும். அதனால் வசந்தம் முழுக்கத் தோல் சீவுகிற வேலை எனக்கு. அவள் வெந்ததை மட்டும் தொடுவாள்.

"சமையக்காரிக்கு வர்ற வியாதியாடி இது?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்பாள்.

"கடவுள் ஒன்னோட சூப்பக் குடிச்சுப் பாத்திருப்பாரு," என்பேன் நான்.

இருபது வயதில் அவளும், எங்கள் ஊரின் பாதி இளவட்டங்களைப் போல, ஸ்வீடனுக்குக் கார்த் தொழிற்சாலை வேலைக்குப் போனாள். அங்கே ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அது நிலைக்கவில்லை. பிள்ளைகளும் இல்லை. நாற்பதை நெருங்கும்போது இரண்டு பெட்டிகளோடு திரும்பி வந்தாள். பேருந்து நிற்கிற இடத்தில் அவள் அண்ணன் வில்யோ காத்திருந்தான். என்ன நடந்தது, எத்தனை நாள் இருப்பாய் என்று அவன் எதுவும் கேட்கவில்லையாம். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு, "ஒன் ரூம்ல ஜன்னல் மாத்தியிருக்கேன், குளிர் வராது," என்றானாம். அவன் வாயிலிருந்து அதற்கு மேல் பாசமான பேச்சு வந்ததாக எனக்குத் தெரியாது.

வில்யோ ஜன்னல் தச்சன். எங்கள் ஊரில் அவன் கைபடாத ஜன்னல் குறைவு. கண்ணாடியை அவன் அறுத்தால் சட்டத்தில் சரியாக உட்காரும், தட்டிப் பொருத்த வேண்டியிருக்காது. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஒருமுறை ஏணியிலிருந்து விழுந்து முதுகை உடைத்துக்கொண்ட பிறகு வேலையை விட்டுவிட்டு, ஏரிக்கரையில் அப்பா கட்டிய மரவீட்டில் இருந்தான். வருஷத்தில் பத்து மாதம் அவர்கள் வாழ்க்கை அமைதியாக ஓடியது. மே மாதம்தான் பிரச்சினை.

இரவில் தைமியால் படுக்க முடியாது. படுத்தால் மூக்கு இரண்டும் அடைத்து, நெஞ்சில் பூனை கத்துவதுபோல இழுக்கும். நாற்காலியில் உட்கார்ந்து, ஈரத் துணியைக் கண்களில் போட்டுக்கொண்டு, வாயால் மூச்சு விடுவாள். தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் வில்யோ அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டே படுத்திருப்பான். மருத்துவ நிலையத்தில் கொடுக்கிற மாத்திரை அவளைத் தூங்கவைக்கும்; மூக்கைத் திறக்காது. சொட்டு மருந்தும் அப்படித்தான்.

வீட்டிலேயே என்னென்னவோ செய்து பார்த்தாள். வேலை முடிந்து வந்ததும் உடுப்புகளை வாசலிலேயே கழற்றிவிட்டுத் தலைக்குக் குளித்தாள். துணிகளை வெளிக்கொடியில் உலர்த்துவதை நிறுத்தினாள். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரைச் சின்னக் கெண்டியில் எடுத்து ஒரு மூக்கில் ஊற்றி மறுமூக்கில் விட்டாள். சனிக்கிழமை சவுனா என்கிற நீராவிக் குளியலறையில் ஆவி பட்டால் ஒருமணி நேரம் நன்றாக இருக்கும். எல்லோரும் பிர்ச் இலைக் கொத்தால்தான் உடம்பைத் தட்டிக்கொள்வோம். வில்யோ அவளுக்காக முள்முள்ளான ஜூனிப்பர் கிளைகளைக் கட்டி ஊறவைத்துக் கொடுப்பான். ஒவ்வொன்றும் கொஞ்சம் கேட்டது. ஆனால் எதுவும் ராத்திரியைக் கடந்து நிற்கவில்லை.

வீட்டைச் சுற்றி அப்பா நட்ட பிர்ச் மரங்கள் நின்றன. ஒரு வசந்தத்தில் வில்யோ ரம்பத்தைத் தீட்டி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். தைமிதான் தடுத்தாள். அவளே எனக்குச் சொன்னாள்.

"இத வெட்டிட்டு? அக்கரையில இருக்கற காட்ட யாரு வெட்டுவா?" என்று கேட்டிருக்கிறாள்.

வில்யோ அக்கரையைப் பார்த்தானாம். கண்ணுக்கெட்டிய வரை பிர்ச்சும் பைனும். பிறகு ரம்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, "அப்ப வீட்டத்தான் பாக்கணும்," என்றானாம்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் அவன் வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொண்டே வந்தான். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் இலையுதிர் காலத்தில் ஜன்னல் இடுக்குகளில் காகிதப் பட்டை ஒட்டுவோம், வசந்தத்தில் கிழித்தெடுப்போம். வில்யோ கிழிக்காமல் விட்டான். அடுத்த வருடம் அதன்மேல் ரப்பர் பட்டை. கதவுச் சட்டங்களில் தடித்த கம்பளிப் பட்டை. தரைப்பலகை இடுக்குகளில் சணல். சுவரின் காற்றுத் துவாரங்களில் மகரந்தத்தை வடிகட்ட ஒரு பஞ்சுத் தகடு. அப்போதும் அவள் தும்மினாள். நாங்கள் இப்போது 'அந்த வசந்தம்' என்று சொல்கிற வருடத்தில், பஞ்சுத் தகடுகளை எடுத்துவிட்டுத் துவாரங்களைப் பலகை வைத்தே அடைத்துப் பசை பூசினான்.

அது பலித்தது. மே முதல் தேதி விடுமுறை கழிந்து வேலைக்கு வந்தபோது தைமியின் கண்கள் வெள்ளையாக இருந்தன. அடைத்த மூக்கு முழுசாகத் திறந்துவிடவில்லை, வாசனை இன்னும் தெரியவில்லை, ஆனால் ராத்திரி முழுக்கப் படுத்துத் தூங்கினேன் என்றாள். மே மாதத்தில் அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. ஏலக்காய் ரொட்டி சுட்டுக்கொண்டு வந்திருந்தாள். அதை உருளைக்கிழங்கு மூட்டைமேல் வைத்துப் பிய்த்துத் தின்றோம். அவள் கொஞ்சம் அழுதாள், அலர்ஜியால் இல்லை.

அந்த வாரமே காப்பி குடிக்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். வெளிக்கதவைத் திறக்கக் கைப்பிடியைப் பிடித்துப் பலமாக இழுக்க வேண்டியிருந்தது. எனக்குப் பின்னால் அது மூடிக்கொண்டபோது காது அடைத்ததுபோல ஆனது. ஏரியில் பறவைகள் கத்திக்கொண்டிருந்தன. ஜன்னல் வழியே அவை அலகைத் திறப்பது தெரிந்தது, சத்தம் மட்டும் இல்லை. மேசையில் ஒரு மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. சுடர் வரைந்து வைத்ததுபோல நின்றது.

"வெள்ளரிக்கா ஊறப்போட்ட ஜாடி மாதிரி இருக்கு வில்யோ. நாமெல்லாம் உப்புத்தண்ணில மெதக்கற மாதிரி," என்றேன்.

"ஜாடிக்குள்ள இருக்கறது கெடாது," என்றான் அவன். பெருமையாகத்தான் இருந்தது அவனுக்கு.

அந்த வீட்டில் பெரிய செங்கல் அடுப்பு ஒன்று உண்டு. சமையலறைக்கும் இரண்டு அறைகளுக்கும் சேர்த்து வெப்பம் தருவது அதுதான். மே மாதத்திலும் எங்கள் ஊரில் காலையும் மாலையும் விறகு போட்டுத்தான் ஆகவேண்டும். அடுப்பும் எரிந்து, கெண்டியும் கொதித்து, துணியும் உள்ளே உலர்ந்ததில் வீடு வியர்க்கத் தொடங்கியது. ஜன்னல் கண்ணாடிகளின் உட்புறம் நீர் வழிந்தது. குளியலறை மூலையில் கரும்பூஞ்சை பிடித்தது. அதைப் பார்த்த வில்யோ, மூடிப்போன ஒரு ரொட்டிக்கடையிலிருந்து பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றை வாங்கி வந்து சமையலறைச் சுவரில் பொருத்தினான். நீராவியை அது சர்ரென்று இழுத்து வெளியே தள்ளியது. ஜன்னல்கள் உலர்ந்தன. அந்த ஃபேன் வெளியே தள்ளுகிற காற்றுக்கு ஈடாக உள்ளே வருகிற காற்று எந்த வழியாக வருகிறது என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

நான் அடுத்த முறை போனபோது நுழைந்ததுமே கரி வாசனை மூக்கில் ஏறியது. அடுப்பின் இரும்புக் கதவுக்கு மேலே வெள்ளைச் சுவரில் நாக்கு வடிவத்தில் கறுப்புப் படிந்திருந்தது. வில்யோவிடம் சொன்னேன். ஜூனில் புகைபோக்கி சுத்தம் செய்கிறவர் வருவார், பார்த்துக்கொள்ளலாம் என்றான். தைமி மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டுத் தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்றாள். அவளுக்கு ஏப்ரலிலிருந்து ஜூன் வரை எதுவும் வாசனை தெரியாது.

தலைவலி எப்போது ஆரம்பித்தது என்று அவளுக்கே சரியாக நினைவில்லை. காலையில் எழும்போது நெற்றியில் இரும்புப் பட்டை கட்டியதுபோல இருக்குமாம். கால்கள் கனக்குமாம். மாத்திரைதான் காரணம் என்று மருத்துவரிடம் போனாள். அவரும் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். புது மாத்திரையோடும் தலை வலித்தது. ஆனால் பள்ளிக்கு வந்து, முதல் பானை உருளைக்கிழங்கு வேகும் நேரத்துக்குள் வலி போய்விடும்.

"ஞாயித்துக்கிழமைதான்டி ரொம்ப மோசம்," என்றாள் ஒருநாள், சூப்பைக் கிளறிக்கொண்டே. "நாள் பூரா வீட்டுல இருந்தா எந்திரிக்கவே முடியல. வெளிய வந்தா சரியாயிடுது. மே மாசத்துல வெளிய வந்தா நல்லா இருக்குன்னு நான் என்னிக்காவது சொல்லியிருக்கேனா?"

"ஒனக்கு வேலைமேல ஆசை வந்திருச்சு. வயசாகுதில்ல," என்றேன்.

இரண்டு பேரும் சிரித்தோம்.

எல்லோரும் தைமியைத்தான் கவனித்துக்கொண்டிருந்தோம். தபால்காரர் வந்தாலும், கடையில் யாரைப் பார்த்தாலும், தைமி மூக்கு எப்படி இருக்கு என்பதுதான் கேள்வி. அவள் பகலில் எட்டு மணி நேரம் வெளியே இருந்தாள். வில்யோ முழுநாளும் உள்ளேயே இருந்தான். அவன் எப்படி இருக்கிறான் என்று யாரும் கேட்கவில்லை, கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டான்.

பகலில் படுக்காதவன் அவன். அந்த மாதத்தில் தைமி வீடு திரும்பும்போது சமையலறைப் பெஞ்சில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருப்பான். ஒருநாள் காப்பிப்பொடி போடாமல் வெறும் வெந்நீரைக் கோப்பைகளில் ஊற்றி வைத்துவிட்டு, குடி என்றானாம். என் வீட்டு முன்வாசல் ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்திருந்தது. அளவெடுத்துப் போய், அறுத்துக் கொண்டு வந்தான். சட்டத்தில் வைத்தால் மூன்று விரல் அளவு குறைந்தது. நான் வேடிக்கையாக ஏதோ சொன்னேன். அவன் கண்ணாடியைப் பிடித்தபடியே நின்றான். பிறகு, யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டதுபோல, மெதுவாகத் திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை. கண்ணுக்குக் கண்ணாடி போடவேண்டிய வயது வந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அன்னையர் தினம் கழிந்த வாரம் குளிர் திரும்பி வந்தது. எங்கள் ஊரில் அப்படி வருவது உண்டு. பூ விட்ட மரத்தின்மேல் பனி கொட்டும். தைமிக்குச் சந்தோஷம், பனி விழுந்தால் மகரந்தம் அடங்கும் என்று. சாயங்காலம் வில்யோ அடுப்பு நிறைய பிர்ச் விறகை அடுக்கி எரித்தான். மீன் சூப் கொதித்தது, ஃபேன் ஓடியது. அடுப்பில் கங்கு முழுதாக அணைந்து கறுத்த பிறகுதான் புகைபோக்கியை மூடும் இரும்புத் தகட்டைத் தள்ள வேண்டும். எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்குக்கூட இது தெரியும். வில்யோ வாழ்நாளில் அதில் தவறியதில்லை. அன்று, கங்கு சிவப்பாக இருக்கும்போதே தகட்டைத் தள்ளிவிட்டான். தைமி அதற்குள் மாத்திரை போட்டுக்கொண்டு படுக்கப் போயிருந்தாள். ஃபேனை அணைக்கவும் அவன் மறந்துபோனான்.

தைமி விழித்தபோது வெளியே வெளிச்சமாக இருந்தது. தலை வெடிக்கிறது என்பதற்கு மேல் ஒன்றும் யோசிக்க முடியவில்லையாம். எழுந்து நிற்கப் பார்த்தாள். கால்கள் இன்னொருத்தியுடையவை போல மடங்கின. தரையில் விழுந்து வாந்தி எடுத்தாள். அப்போதும் மாத்திரையைத்தான் திட்டினாளாம். கொஞ்சம் காற்று வேண்டும் என்று மட்டும் தோன்றியிருக்கிறது. தவழ்ந்து போய் ஜன்னல் கொக்கியை எடுத்தாள். ஜன்னல் அசையவில்லை. காகிதம், ரப்பர், பசை எல்லாம் சேர்ந்து சட்டத்தைச் சுவராக்கியிருந்தன. நகத்தால் பிறாண்டினாள். பிறகு பக்கத்தில் கைக்கு வந்த இஸ்திரிப்பெட்டியைத் தூக்கி அடித்தாள். குளிருக்காக வைத்த இரட்டைக் கண்ணாடியில் உள்கண்ணாடி உடைந்தது. வெளிக்கண்ணாடிக்கு இரண்டு மூன்று அடி வேண்டியிருந்தது. பனிக்காற்று முகத்தில் அறைந்தபோதுதான், வில்யோ என்ற பெயர் அவளுக்கு நினைவு வந்ததாம்.

அவன் சமையலறைப் பெஞ்சுக்கும் மேசைக்கும் நடுவே குப்புறக் கிடந்தான். ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் அவனைக் கைகளைப் பிடித்து இழுத்தாள். வாசல்வரை எப்படி இழுத்தாள் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. கதவைத் தள்ள அவளிடம் பலம் இல்லை. முதுகைக் கதவில் சாய்த்து, கால்களைச் செருப்பு வைக்கும் பலகையில் ஊன்றி உந்தியிருக்கிறாள்.

நான் வழக்கம்போல அவளை வேலைக்குக் கூட்டிப்போக என் காரில் வந்தேன். உடைந்த ஜன்னலில் திரை வெளியே தொங்கிக் காற்றில் ஆடியது. வாசற்படியில், பனியில், இரவு உடையோடு தைமி உட்கார்ந்திருந்தாள். வில்யோவின் தலை அவள் மடியில் இருந்தது. அவன் கன்னங்கள் சின்னப் பையனுடையவை போலச் சிவந்திருந்தன. உயிர் இருக்கிறதா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"தூங்கறான். எழுப்பாத," என்றாள் என்னிடம்.

நான் கைப்பேசியில் அவசர எண்ணை அழைத்தேன். ஆம்புலன்ஸ் வரும்வரை இருவர்மேலும் என் கோட்டையும் கார் விரிப்பையும் போர்த்தி, அவன் மூச்சு படுகிறதா என்று மூக்கருகே கையை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பட்டது, ஆனால் நீண்ட இடைவெளி விட்டு விட்டு.

பிறகு வந்து பார்த்த தீயணைப்பு அதிகாரி அடைத்த துவாரங்களைத் தட்டிப் பார்த்தார். எங்களுக்குப் புரியும்படி சுருக்கமாகச் சொன்னார். வீட்டுக்குள் காற்று வர வழியே இல்லை. ஃபேன் காற்றை வெளியே இழுக்க இழுக்க, வெளிக்காற்று இருந்த ஒரே துளை வழியாக, அதாவது புகைபோக்கி வழியாக இறங்கி வந்திருக்கிறது. அடுப்பின் விஷக் கரிவாயுவையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. துவாரங்களை அடைத்ததிலிருந்து இருவரும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவாசித்திருக்கிறார்கள். தகடும் மூடப்பட்டதும் வெளியேறக் கொஞ்ச நஞ்சம் இருந்த வழியும் போய்விட்டது. பக்கத்தில் நின்ற தைமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எனக்குத் தூக்கம் வந்ததும் அதனாலதானா?" என்று மட்டும் கேட்டாள்.

வில்யோ பிழைத்துக்கொண்டான். மருத்துவமனையில் இரண்டாம் நாளே கண் விழித்து, இங்கே ஜன்னல் எல்லாம் கோணலாகப் பொருத்தியிருக்கிறார்கள் என்று குறை சொன்னானாம். அதைக் கேட்டு நாங்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டோம் என்று சொல்ல முடியாது. ஜூன் தொடக்கத்தில் வீட்டுக்கு வந்தான். தன் கையாலேயே துவாரங்களைத் திறந்தான். ஃபேனைக் கழற்றிக் குப்பையில் போட்டான். முதுகு வளையாமல் நின்று என் ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி பொருத்தினான், சரியாக உட்கார்ந்தது. முடிந்தது, தப்பித்தோம் என்று எல்லோரும் நினைத்தோம். மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது மருத்துவர் தைமியைத் தனியே கூப்பிட்டு, சில பேருக்குச் சில வாரம் கழித்துப் பாதிப்பு வேறு விதமாகத் திரும்பி வரும், கவனித்துக்கொள் என்று சொல்லியிருந்தார். அவன் தேறிய வேகத்தில் அதை அவள் மறந்தே போனாள்.

ஜூன் கடைசியில் யுகானுஸ் என்கிற கோடைப் பண்டிகைக்குக் கரையில் சொக்கப்பனை கொளுத்தும்போது வில்யோ என் பக்கத்தில் நின்றிருந்தான். தீயைப் பார்த்துக்கொண்டே இருந்தவன் திரும்பி, மரியாதையான குரலில், "நீங்க இந்த ஊருங்களா?" என்று கேட்டான். கிண்டல் செய்கிறான் என்று எண்ணிச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. பதிலுக்காகக் காத்திருந்தான்.

அதற்குப் பிறகு வேகமாகப் போனது. நடை குறுகியது, கால்கள் தரையில் தேய்ந்தன. சட்டைப் பொத்தானைப் போட நெடுநேரம் ஆனது. என் பெயர் போனது, அப்பா அம்மா இறந்துபோன செய்தி போனது. மூளையில் அந்த வாயு செய்த வேலை இப்போதுதான் வெளியே தெரிகிறது, இனி எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார்கள் மருத்துவர்கள். தைமி வேலையைப் பாதி நாளாகக் குறைத்துக்கொண்டாள். அடுப்பின் வாயைச் செங்கல் வைத்து அடைக்கச் செய்து, மின்சார ஹீட்டர் வாங்கிப் போட்டாள். நகரத்துக்குப் போய் அலர்ஜிக்கு ஊசி போட்டுக்கொள்ளவும் ஆரம்பித்தாள். பல வருடம் போடவேண்டிய ஊசி அது. கை வீங்கிவிடும், ஆனால் ஒவ்வொரு வசந்தத்திலும் தும்மல் கொஞ்சம் குறைந்தது. ஒரு மே மாதம் அவளே ஒரு கேரட்டைச் சீவித் தின்று காட்டினாள். வீட்டை அடைத்துத் தேடிய நிவாரணம் கடைசியில் ஊசி முனையில் கிடைத்தது.

எல்லாம் மறந்துபோன வில்யோவுக்கு ஒன்று மட்டும் மறக்கவில்லை. ஏப்ரல் வந்து வெளிச்சம் நீளத் தொடங்கினால் அவன் வீட்டைச் சுற்றிவரத் தொடங்குவான். காற்றுத் துவாரங்களில் காலுறையைத் திணிப்பான். ஜன்னல் இடுக்கில் ரொட்டி மாவை அப்புவான். அவன் விரல்களுக்குப் பொத்தான் போட வராது, ஆனால் இடுக்கில் துணியைச் செருகும்போது அவை பழைய தச்சனின் விரல்கள்தான். தைமி தினமும் படுக்கப் போகுமுன் ஒவ்வொரு துவாரமாகக் கையை வைத்துக் காற்று வருகிறதா என்று பார்த்து, திணித்ததையெல்லாம் இழுத்தெடுப்பாள்.

"எல்லாம் மூடியாச்சா தைமி? ராத்திரி ஒனக்கு மூச்சு எளைக்குமே," என்பானாம் படுக்கையிலிருந்து.

"மூடியாச்சு. நீ தூங்கு."

அவன் தூங்கிவிட்டான் என்று மூச்சு சொல்லும்வரை அவள் கதவருகே நிற்பாள்.

போன வசந்தத்தில் ஒருநாள் வேலைக்கு வந்தவள், பானையைக் கழுவிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். முந்தின நாள் மத்தியானம் அசதியாக இருக்கிறதென்று அறைக்கதவைச் சாத்திப் படுத்தாளாம். ஏதோ சுரண்டுகிற சத்தம் கேட்டு எழுந்தாளாம். கதவைத் திறக்கப் பார்த்தால் திறக்கவில்லை. வெளியே வில்யோ செய்தித்தாளை நனைத்து, கதவின் நாலு பக்க இடுக்கிலும் வரிசையாக அடைத்து, மேசையை நகர்த்தி முட்டுக் கொடுத்திருக்கிறான். அவள் கூப்பிட்டாள். அவன் அந்தப் பக்கத்திலிருந்து, இன்னும் கொஞ்சம்தான், இனி ஒன்றும் உள்ளே வராது என்று ஆறுதல் சொல்லிக்கொண்டே இருந்தானாம். ஜன்னல் வழியே குதித்து, வீட்டைச் சுற்றி ஓடி வந்திருக்கிறாள்.

நான் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தேன். இதை இப்படியே விடமுடியாது, முதியோர் இல்லத்தில் இடம் கேட்கலாம், நானே கூட வருகிறேன் என்றேன். அவள் பானையைக் கவிழ்த்து வைத்தாள்.

"அங்க அவன் யாரோட ஜன்னல மூடுவான்?" என்றாள்.

"அதுக்காக நீ உள்ள கெடப்பியா தைமி?"

"எனக்காகத்தானே பண்றான். வேற யாருக்காகவாவது பண்ணினா பயப்படுவேன்."

எனக்குப் பயமாக இருந்தது. மறுநாள் சாயங்காலம், ரை தானிய மாவுப் பலகாரம் கொஞ்சம் எடுத்துக்கொண்டு அவர்களைப் பார்க்கப் போனேன். தைமி தன் அறைக்கதவைக் கீல்களோடு கழற்றிக் கொண்டுபோய் விறகுக் கொட்டகையில் சாய்த்து வைத்திருந்தாள். இனி அடைக்க ஒன்றும் இல்லை என்றாள் என்னிடம். உள்ளே, கதவு இருந்த இடத்தில், வெறும் சட்டத்தின் முன்னால் வில்யோ மண்டியிட்டிருந்தான். அளவு நாடாவை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு இழுத்துப் பிடித்து, உதடுகள் அசைய, எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.